காட்டுப் பறவைகளும் கோழிகளின் வெள்ளைக் கழிச்சலும்

கோடை தொடங்கியதும் கிராமங்களில் கோழிகள் கூட்டங் கூட்டமாக மடிவது குடியானவர் யாவரும் அறிந்த விஷயம். முதல் நாள் தீவனம் எடுக்காமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும் கோழி, மறு நாள் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். சில நாள் உயிர் தாங்கினால் கழுத்துத் திருகிக்கொள்ளும். காலும் இறகும் இழுத்துக்கொள்ளும். பத்துக் கோழி திரிந்த வாசலில் ஒரு வாரத்திற்குள் ஒன்றோ இரண்டோதான் எஞ்சும். வெள்ளைக் கழிச்சல் என்று ஊராரும், ராணிக்கெட் வியாதி என்று கால்நடை வைத்தியரும் சொல்லுவது இதையே. நாட்டுக்கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சொந்த முதல். பிள்ளைகளின் புத்தகச் செலவும், திடீரென வரும் மருந்துச் செலவும் கோழி விற்ற காசிலிருந்தே நடக்கும் குடும்பங்கள் பல. ஆகையால் இவ்வியாதி எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி அற்பமானதன்று.

இதற்குக் கிராமங்களில் சொல்லப்படும் விடைகளுள் ஒன்று, "பறவைகள் கொண்டுவருகின்றன" என்பது. ஏரியில் இறங்கும் வாத்து, மரத்தில் அடையும் கொக்கு, கோபுரத்துப் புறா ஆகிய இவற்றின் மேல் பழி விழுகிறது. இவற்றை விரட்டினால் நோய் வராது என்று நம்புவாரும் உளர். இந்த நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, பிசகு எவ்வளவு என்பதை, நோய்க்கிருமியின் மரபுப் பொருளையே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கும் ஆராய்ச்சி சென்ற நாற்பது வருஷங்களில் பெரும்பாலும் தெளிவாக்கியிருக்கிறது.

வியாதியின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1926-ம் வருஷத்தில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தருகிலும் இது கண்டறியப்பட்டது. டாயில் என்னும் ஆராய்ச்சியாளர், தற்காலிகமாக இருக்கட்டும் என்று இதற்கு நியூகாஸில் வியாதி எனப் பெயரிட்டார். அத் தற்காலிகப் பெயரே நூறு வருஷமாக நிலைத்துவிட்டது. இந்தியாவில் ஹிமாலயச் சாரலிலுள்ள ராணிக்கெட்டில் இது தோன்றியதை ஒட்டி, முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் 1928-ல் ராணிக்கெட் வியாதி என்று குறித்தார். பெயர் இரண்டாயினும் கிருமி ஒன்றே.

இக்கிருமி வைரஸ் வகையைச் சேர்ந்தது. அதன் மரபுப் பொருள் ஆர். என். ஏ. என்னும் ஒற்றை இழை. அவ்விழை நான்கே எழுத்துக்களைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு நீண்ட ஓலை போன்றது. பழைய தடுப்பு மருந்து வகைகளில் இதன் நீளம் 15,186 எழுத்துக்கள். பிற்காலத்தில் பரவிய உக்கிரமான வகைகள் பலவற்றில் 15,192. காட்டு நீர்ப்பறவைகளில் அதிகமாகக் காணப்படும் ஒரு பிரிவில் 15,198. இவ்வளவில் ஆறே ஜீன்கள் அடங்கியிருக்கின்றன. ஓலையைப் பிரதி செய்யும்போது பிழை விழுவதுபோல், வைரஸ் பெருகும்போதும் எழுத்துப் பிழைகள் விழுகின்றன. ஒரே பிழையை உடைய இரண்டு பிரதிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று ஏட்டுச் சுவடி ஆராய்வோர் முடிவு செய்வதில்லையா? அம்முறையையே கொண்டு, கோழியிடம் கிடைத்த வைரஸும் காட்டு வாத்தினிடம் கிடைத்த வைரஸும் எத்தனை நெருங்கிய உறவு என்பதை விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

சோதனை நடக்கும் விதம் இது. பறவையின் தொண்டையிலும் மலவாயிலும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்த நீரை, ஒன்பது முதல் பதினோரு நாள் அடைவைத்த கரு முட்டைக்குள் செலுத்துவார்கள். வைரஸ் இருந்தால் அது முட்டையில் பெருகும். பின்னர் அதன் ஆர். என். ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, வேண்டிய ஜீன் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கப்பட்டு, எழுத்து வரிசை படிக்கப்படும். எழுத்தைப் படித்தாலும் உக்கிரத்தை நேரே அளக்க வேறொரு சோதனையும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்து இரண்டு நாள் நிறையாத பத்துக் குஞ்சுகளின் மூளையில் வைரஸைச் செலுத்தி, எட்டு நாள் தினமும் பார்த்து, நலமாயிருந்தால் சைபர், நோயுற்றால் 1, இறந்தால் 2 என மதிப்பிட்டுச் சராசரி எடுப்பார்கள். 0.7 அல்லது அதற்கு மேல் வந்தால் அது உக்கிர வகை என்பது சர்வதேச விதி.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையான விஷயத்துக்கு வருவோம். வைரஸின் மேற்புறத்தில் இணைப்புப் புரதம் என்று ஒன்று இருக்கிறது. வைரஸ் பறவையின் உயிரணுவோடு ஒன்றி உள்ளே நுழைவது இதன் உதவியால்தான். ஆனால் இப்புரதம் உற்பத்தியானவுடன் வேலை செய்வதில்லை. குறிப்பிட்ட ஓரிடத்தில் அது இரண்டாக வெட்டப்படவேண்டும். வாய் தைத்த கோணிக்குள் இருக்கும் விதை, தையல் பிரிந்தால்தான் பிரயோஜனப்படும் என்பதுபோல் இதைக் கொள்ளலாம். தையலைப் பிரிக்கும் கத்தியை வைரஸ் தன்னுடன் கொண்டுவருவதில்லை. பறவையின் உடலிலுள்ள என்ஸைம்களே அதைச் செய்யவேண்டும்.

இப்புரதத்தின் 112-வது அமினோ அமிலம் முதல் 117-வது வரையில் உள்ள ஆறே இடங்களில்தான் சாதுவான வைரஸுக்கும் கொலைகார வைரஸுக்கும் உள்ள பெரிய வேற்றுமை அமைந்திருக்கிறது. சாதுவான வகையில் இவ்விடத்தில் ஆர்ஜினைன், லைசின் என்னும் கார அமினோ அமிலங்கள் குறைவு. 117-வது இடத்தில் லூசின் இருக்கும். இத்தகைய தையலைப் பிரிக்கும் என்ஸைம் மூச்சுக் குழலிலும் குடலிலும் மட்டுமே உண்டு. எனவே அவ்வைரஸ் அவ்விரண்டு இடங்களோடு நின்றுவிடுகிறது. பறவைக்கு நோயே தெரிவதில்லை, அல்லது சிறிது சளியோடு போகிறது. உக்கிர வகையிலோ கார அமினோ அமிலங்கள் நெருங்கி நிற்கும்; 117-வது இடத்தில் பினைல் அலனைன் வரும். இவ்வமைப்பை, உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் உள்ள ப்யூரின் என்னும் என்ஸைம் பிரித்துவிடும். ஆகவே மூளை, மண்ணீரல், குடல், முட்டைப்பை என்று பேதமின்றி எங்கும் வைரஸ் பரவுகிறது. கழுத்துத் திருகுவதும், கழிச்சலும், இரைப்பையின் உட்புறத்தில் இரத்தப் புள்ளிகள் காண்பதும் இதன் விளைவே. பதினையாயிரம் எழுத்துக்களில் இரண்டு மூன்று எழுத்துக்கள் மாறினால் ஒரு கோழிப் பண்ணையே காலியாகிவிடும் என்பது கேட்போர்க்கு வியப்பாயிருக்கலாம், உண்மை அதுவே.

காட்டு வாத்து, தாரா, கரையோரப் பறவை முதலியவற்றைப் பிடித்துச் சோதித்த தேசங்களிலெல்லாம், அவற்றினிடம் அடிக்கடி கிடைத்தவை சாதுவான வகைகளே. அவ்வைரஸோடு அவை நோயின்றி நீந்துகின்றன, பறக்கின்றன, எச்சத்தில் அதைத் தண்ணீரில் விடுகின்றன. அப்படியானால் அவற்றால் கேடில்லை என்று விட்டுவிடலாமா என்பதுதான் அடுத்த கேள்வி.

1990-ல் அயர்லாந்து தேசத்தில் முட்டைக்கோழிகளிடையே இரண்டிடங்களில் உக்கிரமான நோய் கண்டது. அவ்வைரஸை ஆராய்ந்தபோது, அது உலகில் அப்போது கோழிகளைக் கொன்றுகொண்டிருந்த வகைகளோடு சேரவில்லை. காட்டு நீர்ப்பறவைகளிடம் கிடைத்த சாது வகையோடு நெருங்கிய உறவுடையதாக இருந்தது. வெட்டுமிடத்தில் மட்டும் எழுத்துக்கள் மாறி உக்கிர அமைப்பு வந்திருந்தது. நீர்ப்பறவையிடமிருந்து கோழிக்கு வந்த வைரஸ், கோழியினிடத்தில் இருந்துகொண்டே கெட்டுப்போயிற்று என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இது நேரக்கூடியது என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் பரிசோதனையாகவே காட்டினார்கள். அலாஸ்காவில் 1991-ல் ஒரு காட்டு வாத்தினத்துப் பறவையிடமிருந்து எடுத்த முற்றிலும் சாதுவான வைரஸை அவர்கள் கோழிக்குஞ்சின் காற்றுப் பையில் செலுத்தினார்கள். அதிலிருந்து எடுத்து அடுத்த குஞ்சுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஒன்பது முறை மாற்றினார்கள். பின்னர் மூளை வழியாக ஐந்து முறை மாற்றினார்கள். முடிவில் கிடைத்த வைரஸ், செலுத்திய கோழிகளை ஒன்று விடாமல் கொன்றது. எழுத்துக்களைப் படித்தபோது, வெட்டுமிடத்தில் முதலில் இருந்த இரண்டு குளூட்டமிக் அமிலங்களும் லைசினாகவும், லூசின் பினைல் அலனைனாகவும் மாறியிருக்கக் கண்டார்கள். மாற்றம் ஒரே பாய்ச்சலில் நேரவில்லை, படிப்படியாக நேர்ந்தது. 2002-ல் வெளியான இவ்வாராய்ச்சியில் குடியானவர் கவனிக்கவேண்டிய பாகம் ஒன்றுண்டு. வைரஸ் உக்கிரமடைந்தது காட்டுப் பறவையின் உடலில் அன்று. கோழியிலிருந்து கோழிக்கு ஓயாமல் மாறியதனால்தான். ஒரே கூரையின் கீழ் நெருக்கமாக அடைத்து, வயது பேதமின்றிப் புதிய குஞ்சுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் கொட்டகை, விஞ்ஞானிகள் கையால் செய்ததைத் தானே செய்து தருகிறது.

ஆஸ்திரேலியாவில் 1998-ல் இது பெரிய அளவில் நடந்துவிட்டது. அந்நாட்டில் வெகு காலமாக உக்கிரமான ராணிக்கெட் நோய் இருந்ததில்லை. அவ்வருஷம் சிட்னி நகரத்தின் மேற்குப் பாகத்தில் தோன்றிய நோய், அடுத்த வருஷம் மாங்ரோவ் மௌண்டன் என்னுமிடத்துப் பண்ணைகளிலும் பரவியது. பல இலட்சம் கோழிகளை அழிக்க நேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்ததோ என்று முதலில் ஐயுற்றார்கள். மரபெழுத்தைப் பார்த்தால், அந்நாட்டுக் கோழிகளிடையே முன்பே உலவிய சாது வைரஸிலிருந்து வெட்டுமிடத்தில் இரண்டே எழுத்துக்கள் மாறிப் பிறந்தது என்று தெரியவந்தது. துறைமுகத்தில் எவ்வளவு காவல் வைத்தாலும் தடுக்க முடியாத வழி இது.

ஆயினும் இவ்வாறு புதிதாக உக்கிரம் பிறப்பது அரிது என்பதையும் சொல்லிவிடவேண்டும். நூறு வருஷச் சரித்திரத்தில் இப்படி ஐயமற நிரூபணமானவை விரல் விட்டு எண்ணத்தக்கவையே.

காட்டுப் பறவையே உக்கிர வைரஸால் மடிந்த சந்தர்ப்பங்களும் உண்டு. வட அமெரிக்காவின் ஏரிகளில் கூடு கட்டும் ஒரு வகை நீர்க்காகங்கள் கானடாவில் 1990-லும், பின்னர் 1992-ல் கானடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பெருந்தொகையாக இறந்தன. குஞ்சுகளே அதிகம் மாண்டன. ஒரு பக்கத்துக் காலோ இறகோ இழுத்துக்கொண்ட குஞ்சுகள் பல காணப்பட்டன. அதே 1992-ல் வடக்கு டக்கோட்டாவில் ஒரு வான்கோழிக் கூட்டத்தில் நோய் தோன்ற, இரண்டிடத்து வைரஸும் ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்தது.

புறாவின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. 1970-க்குப் பின்னான பத்து வருஷங்களின் இறுதியில் மேற்கு ஆசியாவில் தோன்றிய ஒரு புறா வைரஸ், 1981-ல் ஐரோப்பாவை அடைந்தது. பந்தயப் புறாக்களின் வழியாக உலகெங்கும் பரவியது. 1984-ல் பிரிட்டனில் கோழிப் பண்ணைகள் சுமார் இருபதில் நோய் வந்தபோது, காரணம் லிவர்பூல் துறைமுகத்துத் தானியக் கிடங்கு என்று கண்டார்கள். கிடங்கில் அடைந்திருந்த நோயுற்ற புறாக்களின் எச்சம் தீவனத்தில் கலந்து, அத்தீவனம் பண்ணைகளுக்குப் போயிருந்தது. புறா ஒவ்வொரு பண்ணைக்கும் பறந்து செல்லவேயில்லை. மூட்டையில் ஏறி லாரியில் சென்றது எனலாம். நம் நாட்டில் தவிட்டையும் குருணையையும் திறந்த கிடங்கில் கொட்டிவைப்போர் இதை நினைவில் வைப்பது நலம்.

இப் புறா வைரஸ் ஒரு முக்கியமான எச்சரிக்கையும் தருகிறது. இதன் வெட்டுமிடம் உக்கிர அமைப்புடையது. எனினும் முதன்முதலாகக் கோழியில் செலுத்தும்போது பல சமயங்களில் இது எதிர்பார்த்த அளவு கொல்லுவதில்லை. சில முறை கோழியில் மாற்றி மாற்றி வளர்த்தபின்பே பழகிக்கொள்கிறது. ஹாலந்து தேசத்தார் 1999-ல் வெளியிட்ட பரிசோதனையில், சாதுவான லசோட்டா வைரஸின் வெட்டுமிடத்தை மட்டும் உக்கிர அமைப்பாகத் திருத்தி எழுதினார்கள். உக்கிரம் கூடியது; ஆனால் இயற்கையில் காணும் கொடிய வகையின் அளவை எட்டவில்லை. ஆகவே மற்ற ஜீன்களுக்கும் இதில் பங்குண்டு. எழுத்தைப் படித்த மாத்திரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணலாகாது.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பல தேசங்களில் காட்டுப் பறவைகளிடம் கிடைத்த வைரஸ்களுட் சில, கோழிகளுக்கு நாம் போடும் தடுப்பு மருந்து வைரஸ்களே என்று காட்டியது. 1946-ல் அமெரிக்காவில் கண்டெடுத்த லசோட்டா போன்றவை உயிருள்ள தடுப்பு மருந்துகள். மருந்திட்ட கோழியிடமிருந்து அவை வெளியேறிப் புறாவையும் வாத்தையும் அடைகின்றன. பறவைகள் நமக்குக் கொடுத்தது பாதி, நாம் பறவைகளுக்குக் கொடுத்தது பாதி என்று சொல்லும்படி இருக்கிறது.

கிராமத்துக் கோழிகளை ஆண்டுதோறும் வாரிச் செல்லும் வைரஸ் எது? இந்தியாவில் நோயுற்ற கோழிகளிடமிருந்து சமீப வருஷங்களில் எடுத்துப் படித்தவற்றுள் பதின்மூன்றாம் இனவகை என்று எண்ணிடப்பட்டது பெரிதும் காணப்படுகிறது. அது நீர்ப்பறவைகளின் சாது வகை அன்று. கோழிகளிடையே சுற்றிச் சுற்றி வரும் உக்கிர வகை. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் 2018 முதல் 2020 வரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பறவைகளை அழிக்கும்படி செய்த நோயிலும், பரவக் காரணம் பெரும்பாலும் வீட்டுக் கோழிகளையும் சேவல்களையும் ஜனங்கள் இடத்துக்கு இடம் கொண்டுபோனதே. சந்தையில் வாங்கிய கோழியை அன்றே கூட்டத்தில் விடுவது, நோய் கண்டவுடன் மிச்சக் கோழிகளை அவசரமாக விற்றுவிடுவது, செத்த கோழியை வாய்க்காலில் எறிவது, சேவற்கட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்புவது, முட்டை அட்டைகளையும் கூடைகளையும் கழுவாமல் வீடு வீடாக எடுத்துச் செல்வது ஆகிய இவையே முக்கியமான வழிகள். நோய்க்கிருமி உட்புகுந்து குறி தோன்ற இரண்டு முதல் பதினைந்து நாள் வரை ஆகலாம். ஆதலால் சந்தையில் நலமாகத் தோன்றிய கோழியை நம்புவதற்கில்லை. புதிய கோழியை மூன்று வாரம் தனிக் கூடையில், தனித் தண்ணீர்ச் சட்டியுடன் வைப்பது, ஒரு கொக்குக் கூட்டத்தை விரட்டுவதைவிட நூறு மடங்கு பயன் தரும்.

பறவைகளின் கூட்டைக் கலைப்பதில் வேறு தீங்கும் உண்டு. கலைந்த பறவைகள் வேறு ஏரிக்குப் போய்ச் சேரும். கிருமி இருந்தால் அதுவும் உடன் போகும். அன்றியும் காட்டுப் பறவைகளைக் கொல்லுவது சட்ட விரோதம். செய்யத்தக்கது, கோழியையும் காட்டுப் பறவையையும் ஒரே தண்ணீரில் வாய் வைக்காதபடி பிரிப்பதுதான். ஏரி நீரைக் கோழிக்கு அப்படியே வைக்காமலும், மேய்ச்சல் வாத்தும் கோழியும் ஒரே பட்டியில் அடையாமலும், தீவனக் கிடங்கின் சாளரத்தில் வலை அடித்தும் பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி அபாயம் நீங்கும்.

பறவைக் காய்ச்சல் எனப்படும் இன்ஃப்ளுயென்ஸாவை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அதில் காட்டுப் பறவைகளின் பங்கு மிகப் பெரிது. ஹிமாசலப் பிரதேசத்துப் போங் அணையில் 2020-ன் இறுதியிலும் 2021-ன் தொடக்கத்திலும் வரித்தலை வாத்துக்கள் திரளாக மடிந்தது அதனால்தான். வெளிக்குறிகளால் இரண்டையும் வேறு பிரிக்க முடியாது. ஆதலால் காக்கை, மயில், நீர்ப்பறவை எதுவாயினும் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை வைத்தியருக்குத் தெரிவிப்பதே முறை.

இனவகைகள் இருபதுக்கு மேற்பட்டனவாகப் பிரிந்திருந்தும், தடுப்பு மருந்து விஷயத்தில் இவ்வைரஸ் ஒரே வகையாக இருப்பது நம் பாக்கியம். பழைய மருந்துகள் இன்றும் கோழியைச் சாவிலிருந்து காப்பாற்றுகின்றன. ஆனால் மருந்திட்ட கோழி, நோயின்றி இருந்தும், உட்புகுந்த உக்கிர வைரஸைச் சில நாள் வெளியிடக்கூடும். பக்கத்து வீட்டில் மருந்திடாத கோழிக்கு அது போதும். எனவே தெரு முழுவதும் ஒரே நாளில் மருந்திடுவதே பலன் தரும். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் எஃப் அல்லது லசோட்டா வகை மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவதும், எட்டாவது வாரத்தில் இறக்கை அடியில் ஊசி குத்துவதும் வழக்கம். இரண்டாவது ஊசிக்குப் பயன்படும் முக்தேஸ்வர் வகை ஓரளவு உக்கிரமுள்ளது. அதன் வெட்டுமிடத்திலும் கார அமினோ அமிலங்கள் நெருங்கியுள்ளன. இளங்குஞ்சுக்கு அதை முதன் மருந்தாக ஒருபோதும் குத்தலாகாது.

இம்மருந்துகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோகவேண்டியிருப்பது கிராமங்களில் பெரிய இடைஞ்சல். ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்தில் 1966-ல் நலமான கோழிகளிடம் கண்ட வி-4 என்னும் சாது வைரஸிலிருந்து, வெப்பம் தாங்கும் வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தீவனத்தில் கலந்து ஊட்டும் முறை பின்னர் மலேசியாவில் ஏற்பட்டது. மரபெழுத்தின்படி வி-4, காட்டு நீர்ப்பறவைகளின் சாது வைரஸ் பல அடங்கிய முதலாம் இனவகையைச் சேர்ந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் நாட்டுக்கோழிகளுக்கென ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் குருணையாகவே செய்து வழங்கியிருக்கிறார்கள். கோழிகளைப் பிடிக்க இயலாமல் ஊசியைக் கைவிட்டவர்களுக்கு இது ஏற்றது. மாலையில் கோழிகள் அடையுமுன் பசியோடிருக்கும்போது, வலியவை எளியவற்றைத் தள்ளிவிடாதபடி நாலைந்து இடங்களில் சிதறவேண்டும்.

மருந்திட்டும் கோழி இறந்தால், முழுக் கோழியையும் இறந்த சில மணி நேரத்திற்குள் இரட்டைப் பையில் கட்டி, பனிக்கட்டியுடன் அருகிலுள்ள கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையத்திற்கு அனுப்பவேண்டும். எந்த மருந்து, எந்தத் தேதியில் இட்டது, கோழி எந்தச் சந்தையில் வாங்கியது, அருகில் ஏரியோ புறாக்கூடோ உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைப்பது அவசியம். அழுகிய கோழியில் எழுத்துக்களைப் படிக்க முடியாது.